செவ்வாய்க்கிழமை மட்டும் பிரிண்ட் ஆகாது: நம்ப முடியாத சில புகார்கள்

இன்னிக்கு எபிசோட்ல உலகத்தோட பல மூலைகள்ல இருந்து வந்த சில புகார்களைப் பார்க்கப் போறோம். எல்லாமே கேட்டவுடனே "போய்யா, சும்மா கதை விடாத"ன்னு சொல்ல வைக்கிற புகார்கள். எல்லாமே நிஜமா நடந்தது.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், நாள் முழுக்க டிக்கெட்டோட குடும்பம் நடத்துறவன். ஐடிக்கு வெளியே இருக்கிறவங்களுக்காக ஒரு வரி: டிக்கெட்னா "உங்க சாஃப்ட்வேர் இங்க வேலை செய்யலை"ன்னு யூசர் அனுப்புற புகார். நம்ம தொழில்ல அதுக்கு ஒரு சடங்கு இருக்கு. டிக்கெட்டைத் திறப்பாங்க, தன்னோட மெஷின்ல ஓட்டிப் பார்ப்பாங்க, நல்லா ஓடும். உடனே "கேனாட் ரீப்ரொட்யூஸ்"னு ஒரு முத்திரையைக் குத்தி மூடிடுவாங்க. அதாவது, எங்க தெருவுல மழை பெய்யலை, அதனால உங்க தெருவுலயும் பெய்திருக்காது. இந்த முத்திரை எவ்வளவு தூரம் ஆளைக் கொண்டு போய் விடும்னு கடைசிக் கதையில வரும். அதுவரைக்கும் கொஞ்சம் சிரிக்கலாம்.

முதல் புகார்: ஜேனட் ஜாக்சன் பாட்டு போட்டா லேப்டாப் செத்துப் போகுது.

மைக்ரோசாஃப்ட்ல ரொம்ப வருஷமா இருக்கிற ரேமண்ட் சென்னு ஒரு இன்ஜினியர் 2022 ஆகஸ்ட்ல தன்னோட பிளாக்ல இதை எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கதை. ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி கண்டுபிடிச்சது என்னன்னா, 'ரிதம் நேஷன்' பாட்டோட வீடியோவைப் போட்டா சில லேப்டாப் மாடல்கள் அப்படியே கிராஷ் ஆகுது. சரி, வீடியோ ஃபைல்ல ஏதோ கோளாறுன்னு நினைக்கலாம். ஆனா அதே பாட்டைப் போட்டா போட்டி கம்பெனிகளோட சில லேப்டாப்பும் கிராஷ் ஆச்சு. அதுக்கும் மேல ஒண்ணு: ஒரு லேப்டாப்ல பாட்டு ஓடும்போது, பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு லேப்டாப் செத்துச்சு. அதுல பாட்டே ஓடலை. கேட்டதுதான் குத்தம்!

காரணம் ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி வர்றதுக்கு முன்னாடி லேப்டாப்புக்குள்ள ஒரு வட்டத் தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு மேல ஒரு சின்ன கை, தட்டைத் தொடாம, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில மிதந்துக்கிட்டு டேட்டாவைப் படிக்கும். எந்தப் பொருளுக்கும் அது இயல்பா ஆட விரும்புற ஒரு வேகம் உண்டு. ஊஞ்சல் ஆட்டும்போது சரியான நேரத்துல லேசாத் தள்ளினாலே போதும், உயர உயரப் போகும். நேரம் தப்பினா எவ்வளவு பலமாத் தள்ளினாலும் போகாது. அந்தப் பாட்டுல இருந்த ஒரு அதிர்வெண், அந்த டிஸ்க்கோட இயல்பான ஆட்டத்தோட சரியாப் பொருந்திப் போச்சு. டிஸ்க் ஆடுது, கை இடத்தைத் தவற விடுது, விண்டோஸ் படுத்துடுது.

கம்பெனி எப்படி சரி பண்ணாங்க தெரியுமா? டிஸ்க்கை மாத்தலை. ஆடியோ போற பாதையில ஒரு ஃபில்டர் வெச்சு, அந்த அதிர்வெண்ணை மட்டும் பாட்டுல இருந்து வடிகட்டிட்டாங்க. இதைவிட எனக்குப் பிடிச்சது அடுத்து நடந்தது. 2022-ல சென் எழுதினதுக்கு அப்புறம், உலக அளவுல சாஃப்ட்வேர் ஓட்டைகளுக்கு நம்பர் கொடுக்கிற பட்டியல்ல இதையும் சேர்த்துட்டாங்க. சிவிஇ-2022-38392. 1989-ல வந்த ஒரு ஆல்பத்தோட பாட்டு, அதிகாரபூர்வமா ஒரு சைபர் தாக்குதல் முறை.

"சத்தத்துக்கு டிஸ்க் பயப்படுமா"ன்னு சந்தேகம் இருந்தா, 2008 கடைசியில சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இன்ஜினியர் பிரெண்டன் கிரெக் போட்ட யூடியூப் வீடியோ இருக்கு. டேட்டா சென்டர்ல டிஸ்க் அடுக்குக்கு முன்னாடி நின்னு அவர் கத்துவார். கத்தின அந்த நொடியில டிஸ்க் திணறுறது கிராஃப்ல மேல எகிறும். பார்த்துட்டு வந்து கேளுங்க, காத்திருக்கேன்.

அடுத்தது சிஸ்டம் அட்மின்கள் நடுவுல நாட்டுப்புறக் கதை மாதிரி சுத்துற ஒண்ணு. அமெரிக்காவுல நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்துல 1990-கள்ல சிஸ்டம் அட்மினா இருந்த ட்ரே ஹாரிஸ் 2002-ல எழுதினது. புள்ளியியல் துறைத் தலைவர் அவருக்கு ஃபோன் பண்றார். "எங்க துறையில இருந்து 500 மைலுக்கு மேல மெயில் போகமாட்டேங்குது."

நீங்களே யோசிங்க. மெயிலுக்கு என்ன, பெட்ரோல் தீர்ந்து போச்சா? சென்னையில இருந்து மதுரைக்குப் போகும், மும்பைக்குப் போகாதுன்னு ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும்? ஹாரிஸும் முதல்ல அப்படித்தான் மெயில் வேலை செய்யாதுன்னு பணிவாச் சொல்லிப் பார்த்தார். ஆனா எதிர்ப்பக்கம் இருக்கிறது புள்ளியியல் துறை. அவங்க புகார் கொடுக்கிறதுக்கு முன்னாடி சில நாள் டேட்டா சேகரிச்சு, எந்த ஊருக்குப் போகுது, எதுக்குப் போகலைன்னு மேப்பே போட்டு வெச்சிருந்தாங்க.

ஹாரிஸ் உட்கார்ந்து டெஸ்ட் மெயில் அனுப்பினார். ரிச்மண்ட் போச்சு. அட்லாண்டா போச்சு. வாஷிங்டன் போச்சு. மெம்ஃபிஸ் 600 மைல், போகலை. நியூயார்க் 420 மைல், போச்சு. பிராவிடன்ஸ் 580 மைல், போகலை. பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்ததாம். ஒரு ஐடியா வந்தது: பக்கத்து ஊர்லயே இருக்கிற, ஆனா மெயில் சர்வர் மட்டும் சியாட்டல்ல இருக்கிற ஒரு நண்பருக்கு அனுப்பினார். போகலை. அப்ப பிரச்சினை ஆள் இருக்கிற தூரம் இல்லை, மெஷின் இருக்கிற தூரம்.

என்ன நடந்திருந்ததுன்னா, வெளியில இருந்து வந்த ஒரு கன்சல்டன்ட் அந்த சர்வரோட ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்கிரேட் பண்ணியிருந்தார். அதோட சேர்ந்து மெயில் சாஃப்ட்வேர் மட்டும் பழைய வெர்ஷனுக்குப் போயிடுச்சு. செட்டிங்ஸ் ஃபைல் புதுசு, அதைப் படிக்கிற புரோகிராம் பழசு. புரியாத வரிகளை அது குப்பைன்னு ஒதுக்கிடுச்சு. அப்படி ஒதுக்கினதுல ஒண்ணு, எதிர் சர்வர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருக்கணுங்கிற அளவு. அது பூஜ்ஜியம் ஆயிடுச்சு. அந்த மெஷின்ல பூஜ்ஜியம்னா நடைமுறையில சுமார் 3 மில்லிசெகண்ட். வெளிச்சம் 3 மில்லிசெகண்ட்ல எவ்வளவு தூரம் போகும்? சுமார் 900 கிலோமீட்டர். மைல் கணக்குல 558.

"டேய், சிக்னல் போயிட்டுத் திரும்பி வரணுமே, அப்ப பாதி தூரம்தானே வரும்"னு கேட்கிற ஆட்கள் நம்ம கேட்பவர்கள்ல இருப்பீங்கன்னு தெரியும். இதே கேள்வியை உலகமே ஹாரிஸ்கிட்ட கேட்டுருச்சு. கதை சுவாரசியமா இருக்கணும்னு சில தொழில்நுட்ப விவரங்களை மாத்தியும் எளிமையாக்கியும் எழுதினேன்னு அவரே பின்னாடி விளக்கம் கொடுத்துட்டார். எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற. அந்தப் பேராசிரியர் "மெயில் சரியாப் போகலை"ன்னு மட்டும் சொல்லியிருந்தா, ஹாரிஸ் பக்கத்து பில்டிங்குக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்துட்டு, போகுதேன்னு மூடியிருப்பார். கேட்கச் சிரிப்பு வந்த அந்த "500 மைல்"தான் விடைக்கான முழு துப்பும்.

இதே ஜாதியில இன்னொண்ணு, தலைப்புல இருக்கிற செவ்வாய்க்கிழமை. உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துற ஒருத்தர் 2009-ல பக் ரிப்போர்ட்ல எழுதினார்: ஓபன் ஆஃபீஸ் செவ்வாய்க்கிழமை மட்டும் பிரிண்ட் பண்ணாதுன்னு என் மனைவி சொல்லிக்கிட்டே இருக்காங்க, அப்புறம் செஞ்சே காட்டிட்டாங்க. நம்ம ஊர்லயாவது செவ்வாய்க்கிழமை முடி வெட்டமாட்டாங்க, நகம் வெட்டமாட்டாங்கன்னு ஒரு கணக்கு இருக்கு. லினக்ஸுக்கு என்ன வந்தது?

பிரிண்டருக்குப் போற ஃபைலுக்குள்ள அது உருவான தேதி எழுதியிருக்கும். கிழமையும் ஆங்கிலத்துல மூணு எழுத்துச் சுருக்கமா இருக்கும். லினக்ஸ்ல ஒரு ஃபைல் என்ன வகைன்னு உள்ளே எட்டிப் பார்த்து யூகிக்கிற ஒரு குட்டி புரோகிராம் உண்டு. எர்லாங்னு ஒரு மொழியோட பழைய ஃபைல் வகையை அடையாளம் காண, அதுக்குள்ள ஒரு முழுத் தேதி கொடுத்திருந்தாங்க. ஒரு செவ்வாய்க்கிழமை, 1991 ஜனவரி 22. ஆனா எழுதின விதத்துல சின்னத் தப்பு. முழுத் தேதியையும் பார்க்காம, செவ்வாய்க்கான அந்த மூணு எழுத்தைப் பார்த்தவுடனே "ஓ, இது எர்லாங்"னு முடிவு பண்ணிடும். பிரிண்டர் சிஸ்டம், "இது அச்சடிக்கிற சமாச்சாரம் இல்லை"ன்னு தூக்கிப் போட்டுடும். புதன்கிழமை எல்லாம் சுபம். அந்த அம்மாவுக்கு கோடிங் தெரிஞ்சிருக்கணும்னு இல்லை. கிழமையை கவனிச்சாங்க, அது போதும்.

நடுவுல ஒரு குட்டிச் செய்தி, ஆஃபீஸ்ல கேட்டுக்கிட்டிருக்கிறவங்களுக்கு. சேர்ல இருந்து எழுந்தா மானிட்டர் ஒரு நொடி கறுப்பாகி வருதுன்னு யாராவது சொன்னா சிரிக்காதீங்க. உயரத்தை ஏத்தி இறக்குற கேஸ் சேர்ல உட்காரும்போதும் எழும்போதும் ஸ்டாடிக் மின்சாரம் பாய்ஞ்சு, வீடியோ கேபிள் அதை வாங்கிக்கும். டிஸ்ப்ளேலிங்க் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துலயே இது இருக்கு.

வெனிலா ஐஸ்கிரீம் வாங்கினா மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார் கதை எங்கேன்னு நீங்க கேட்பீங்க. வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் வந்த கதைதான். நல்ல கதை, ஆனா கார் யாரோடது, எப்ப நடந்ததுன்னு ஆதாரம் கிடையாது. அதனால இந்த எபிசோட்ல அந்தக் காருக்கு பார்க்கிங் இல்லை.

இப்ப வேல்ஸுக்குப் போவோம். பவிஸ் பகுதியில அபர்ஹோசன்னு ஒரு சின்ன கிராமம். தினமும் காலையில 7 மணி ஆனா ஊருக்கே இன்டர்நெட் போயிடும். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, 18 மாசம். ஓப்பன்ரீச்ங்கிற நெட்வொர்க் கம்பெனி ஆட்கள் வந்து வந்து பார்த்தாங்க. லைனை டெஸ்ட் பண்ணா சரியா இருக்கும். பெரிய அளவுல கேபிளையே மாத்திப் பார்த்தாங்க. அப்பவும் 7 மணிக்கு டான்னு போகும்.

கடைசியில ஒரு டீம் அந்த ஊருக்கே வந்து தங்கி, விடியற்காலை 6 மணிக்கு, கொட்டுற மழையில, கையில ஸ்பெக்ட்ரம் அனலைசரை வெச்சுக்கிட்டு தெருத்தெருவா நடந்தாங்க. காத்துல இருக்கிற மின்காந்தச் சத்தத்தைக் காட்டுற கருவி அது. 7 மணி ஆனதும் கருவியில ஒரு பெரிய வெடிப்பு. அதைத் தொடர்ந்து போனா ஒரு வீடு. வீட்டுக்குள்ள செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பழைய டிவி. அந்த வீட்ல இருக்கிறவங்க காலையில எழுந்ததும் 7 மணிக்கு டிவி போடுவாங்க. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஊர் பிராட்பேண்ட் ஓடினது தாமிரக் கம்பியில. பழைய டெலிஃபோன் கம்பிதான். நீளமான கம்பின்னா அது ஆன்டெனாவும்தான். கெட்டுப்போன டிவி ஆன் ஆகும்போது எல்லா அதிர்வெண்லயும் ஒரே நேரத்துல ஒரு அடி அடிக்கும். கம்பி அதை வாங்கிக்கிட்டதும் மோடம் எல்லாம் தொடர்பை விட்டுடும். 2020 செப்டம்பர்ல செய்தி வந்தப்ப, விஷயம் தெரிஞ்சு அந்த வீட்டுக்காரர் கூசிப் போயிட்டார், இனி டிவி போடவே மாட்டேன்னு உடனே ஒத்துக்கிட்டார்னு கம்பெனி சொன்னது. பாவம், அவர் என்ன பண்ணுவார். அவரும்தான் 18 மாசம் "ஏன்டா 7 மணிக்கு நெட் போகுது"ன்னு திட்டியிருப்பார்.

கிராமத்துல டிவி பண்ண வேலையை, ஆஸ்திரேலியாவுல ஒரு சமையலறை சாமான் வானியலுக்கே பண்ணிச்சு. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும்.

நியூ சவுத் வேல்ஸ்ல பார்க்ஸ்னு ஒரு ஊர். அங்க 64 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கி இருக்கு. 1969-ல மனுஷன் நிலாவுல நடந்த காட்சி உலகத்துக்கு டிவியில போனதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. 2007-ல, அதோட பழைய பதிவுகளைத் தோண்டின டங்கன் லாரிமர் குழுவுக்கு 2001-ல பதிவான ஒரு சிக்னல் கிடைச்சது. சில மில்லிசெகண்ட் மட்டும் நீடிச்ச, ரொம்ப பலமான ஒரு ரேடியோ வெடிப்பு. அதுல ஒரு அடையாளம் இருந்தது: உயர்ந்த அதிர்வெண் முதல்ல வந்து, தாழ்ந்த அதிர்வெண் கொஞ்சம் தாமதமா வந்தது. விண்வெளியில நட்சத்திரங்களுக்கு நடுவுல சிதறிக் கிடக்கிற எலெக்ட்ரான்கள் வழியா வரும்போதுதான் இந்தத் தாமதம் ஏற்படும். அதிகத் தாமதம்னா அதிக தூரம். கணக்குப் போட்டா நம்ம பால்வெளி மண்டலத்துக்கு வெளியே, ரொம்பத் தொலைவு. பெரிய கண்டுபிடிப்பு.

ஆனா அடுத்த சில வருஷத்துல ஒரு சங்கடம். அதே பார்க்ஸ் பதிவுகள்ல அதே மாதிரி தாமதத்தோட வேற சில சிக்னல்களும் இருந்தது. அதுங்க தொலைநோக்கியோட 13 பீம்லயும் ஒரே நேரத்துல பதிவாகியிருந்தது. வானத்துல ஒரு புள்ளியில இருந்து வந்தா ஒண்ணு ரெண்டு பீம்லதான் தெரியணும். எல்லாத்துலயும் தெரிஞ்சா அது பக்கத்துல எங்கேயோ இருக்கு. 2011-ல இதுங்களுக்கு பெரிட்டான்னு பேர் வெச்சாங்க. போர்ஹெஸ் புத்தகத்துல வர்ற கற்பனை மிருகம். பறவைச் சிறகோட மான் உருவம், நிழல் மட்டும் மனுஷ நிழல். எவ்வளவு பொருத்தமான பேர்னு இப்ப தெரியும்.

இதுல லாரிமரோட கண்டுபிடிப்பே ஆட்டம் கண்டது. பெரிட்டான் பூமியில இருந்து வருதுன்னா, அதே மாதிரி இருக்கிற உன்னோட சிக்னலும் பூமியில இருந்து வந்திருக்கலாமே? பல வருஷம் இந்தச் சந்தேகம் அந்தத் துறை மேல தொங்கிக்கிட்டே இருந்தது.

துப்பு திரும்பவும் கடிகாரத்துல. பெரிட்டான்கள் ஆஃபீஸ் நேரத்துலதான் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி நிறைய. நட்சத்திரம் லஞ்ச் பிரேக் பார்த்து வெடிக்குமா? எமிலி பெட்ராஃப், அப்ப அங்க ஆராய்ச்சி மாணவி, அவரோட குழு 2015-ல இதை உடைச்சாங்க. தொலைநோக்கி வளாகத்துல புதுசா வெச்ச ஒரு கருவி, பெரிட்டான் வந்த அதே நேரத்துல 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு சிக்னலைப் பிடிச்சது. 2.4 கிகாஹெர்ட்ஸ்னா வைஃபை, இல்லைன்னா மைக்ரோவேவ் அவன்.

வளாகத்துல இருந்த மைக்ரோவேவ்ல தண்ணி சூடு பண்ணிப் பார்த்தாங்க. ஒண்ணும் வரலை. இங்கேயே "கேனாட் ரீப்ரொட்யூஸ்"னு எழுதிட்டுப் போயிருக்கலாம். ஆனா நிஜ மனுஷன் எப்படி மைக்ரோவேவ் பயன்படுத்துவான்? டைமர் முடியுற வரைக்கும் யார் நிக்கிறது? இன்னும் 5 செகண்ட் இருக்கும்போதே படார்னு கதவைத் திறந்து டப்பாவை எடுப்போம். அப்படித் திறந்தாங்க. வந்தது பெரிட்டான். கதவு திறந்த அந்தக் கணம், உள்ளே அலையை உண்டாக்குற மேக்னெட்ரான் அணையும்போது, தொலைநோக்கி கேட்டுக்கிட்டிருக்கிற 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு சின்னச் சிக்னலைச் சிந்திட்டுப் போகுது. தொலைநோக்கி அந்த மைக்ரோவேவைப் பார்க்கிற கோணத்துல திரும்பியிருந்தா மாட்டிக்கும். விண்வெளி மர்மம், யாரோ ஒருத்தரோட பசி.

எல்லாரும் இந்தக் கதையை "விஞ்ஞானிகளை மைக்ரோவேவ் ஏமாத்திடுச்சு, ஹாஹா"ன்னு இங்கேயே முடிச்சிடுறாங்க. அது நியாயம் இல்லை. பெரிட்டானோட மூலம் இதுதான்னு உறுதியானதும், லாரிமர் சிக்னல் அந்த வகை இல்லைன்னு பிரிச்சுக் காட்ட முடிஞ்சது. சந்தேகம் விலகிச்சு. அதுக்கப்புறம் அந்த மாதிரி வெடிப்புகள் ஏராளமாக் கிடைச்சிருக்கு. 2020 ஏப்ரல்ல நம்ம பால்வெளி மண்டலத்துக்குள்ளேயே, மேக்னெட்டார்னு சொல்ற, பயங்கர காந்தப் புலம் உள்ள ஒரு நட்சத்திரத்துல இருந்து அப்படி ஒண்ணு வந்ததும் பதிவாச்சு. லஞ்ச் டப்பாவைக் கண்டுபிடிச்சதாலதான் வானத்தை நம்ப முடிஞ்சது.

சரி, சிரிச்சது போதும். கடைசிப் புகார் இங்கிலாந்துல இருந்து. இது கேட்கவே வேடிக்கையா இருக்காது, ரொம்ப சாதாரணமா இருக்கும்: "கல்லாவுல பணம் குறையுது."

பிரிட்டன்ல பல ஊர்கள்ல தபால் ஆபீஸ்னா ஒரு கடைக்குள்ள ஒரு கவுன்ட்டர்தான். அதை ஒப்பந்தத்துல நடத்துறவர் சப்-போஸ்ட்மாஸ்டர். 1999-ல இருந்து எல்லாக் கிளைக்கும் ஹொரைசன்னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வந்தது. பண்ணினது ஃபுஜிட்சு. அதுக்கப்புறம் கிளை கிளையா ஒரே பிரச்சினை. நாள் முடிவுல எண்ணிப் பார்த்தா, கம்ப்யூட்டர் சொல்ற பணம் கையில இருக்காது. ஒப்பந்தப்படி குறையுறதை அவங்கதான் கட்டணும். சேமிப்பை எடுத்துக் கட்டினாங்க, கடன் வாங்கிக் கட்டினாங்க, வீட்டை இழந்தாங்க. ஹெல்ப்லைனுக்கு ஃபோன் பண்ணா பலருக்கும் கிடைச்ச பதில்: "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. புள்ளியியல் பேராசிரியர்கிட்ட எல்லா ஊரோட டேட்டாவும் இருந்தது, அதனால மேப் போட முடிஞ்சது. வேல்ஸ் கிராமத்துல எல்லாருக்கும் ஒரே நேரத்துல நெட் போச்சு, அதனால யாரும் யாரையும் சந்தேகப்படலை. சப்-போஸ்ட்மாஸ்டர் தனி ஆள். பக்கத்து ஊர்க் கிளையிலயும் இதே நடக்குதுன்னு அவருக்குத் தெரிய வழியே இல்லை. மேப் போடுற அளவு டேட்டா இருந்தது ஒரே இடத்துல, அந்த ஃபோனோட மறுமுனையில. அங்க இருந்துதான் "உங்களுக்கு மட்டும்"னு பதில் வந்தது.

பக் எப்படி இருந்ததுன்னு ஒரு உதாரணம். 2015 அக்டோபர்ல ஸ்காட்லாந்து டால்மெலிங்டன் கிளையில ஒருத்தர் 8000 பவுண்டை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்தினதா பதிவு பண்றார். ஸ்கிரீன் உறைஞ்சு போச்சு. நாம என்ன பண்ணுவோமோ அதையே பண்ணார், என்டரைத் திரும்பத் திரும்பத் தட்டினார். ஒவ்வொரு தட்டும் ஒரு தனி 8000 பவுண்டா ஏறிடுச்சு. நாலு தடவை. கையில இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் கணக்குல பொறுப்பு வந்துடுச்சு. பேமெண்ட் பேஜ்ல பட்டனை ரெண்டாவது தடவை அமுக்கினா ஒண்ணும் ஆகக் கூடாதுங்கிறது இன்டர்வியூல ஃப்ரெஷர்கிட்ட கேட்கிற கேள்வி. இது ஒரு நாட்டோட தபால் துறைக் கணக்கு. பின்னாடி தேடினப்ப, 2010-ல இருந்தே வேற கிளைகள்லயும் இது நடந்திருந்தது தெரிஞ்சது.

இதுக்காக மனுஷங்களை ஜெயிலுக்கு அனுப்பினாங்க. 1999-க்கும் 2015-க்கும் நடுவுல 900 பேருக்கு மேல திருட்டு, மோசடி, பொய்க் கணக்குன்னு தண்டனை. பெரும்பாலான வழக்குகளைப் போட்டது தபால் நிறுவனமே. 2010-ல தண்டனை வாங்கின ஒரு இந்திய வம்சாவளிப் பெண் அப்ப கர்ப்பிணி. ஜெயிலுக்குப் போன நாள் அவங்க மூத்த மகனோட 10-ஆவது பிறந்தநாள்.

கோர்ட் எப்படி நம்புச்சுன்னு கேட்டா, அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது. பிரிட்டன்ல முன்னாடி ஒரு சட்டப் பிரிவு இருந்தது: கம்ப்யூட்டர் கொடுத்த ஆதாரத்தைக் காட்டினா, அந்தக் கம்ப்யூட்டர் சரியா வேலை செஞ்சதுன்னு அரசுத் தரப்பு நிரூபிக்கணும். 1999-ல வந்த ஒரு சட்டம் அதை ரத்து பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் சரியாத்தான் ஓடுதுன்னு கோர்ட் எடுத்துக்கும். தப்புன்னு சொல்றவர்தான் காரணம் காட்டணும். சோர்ஸ் கோடும் லாக் ஃபைலும் யார்கிட்ட இருக்கு? கம்பெனிகிட்ட. கேஸ் யார் மேல? கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிறவர் மேல.

மேப் போட ஆரம்பிச்சது பாதிக்கப்பட்டவங்களேதான். கணக்கு விவகாரத்துல கிளையை இழந்த ஆலன் பேட்ஸ் வருஷக்கணக்கா மத்தவங்களைத் தேடினார். 2009 மே மாசம் 'கம்ப்யூட்டர் வீக்லி' பத்திரிகை 7 பேரோட கதையை ஒண்ணா வெளியிட்டது. அதே வருஷம் ஃபென்னி காம்ப்டன்ங்கிற ஊர்ல ஒரு சமூகக் கூடத்துல கூடினாங்க. "எனக்கு மட்டும்"னு நினைச்சிருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்த இடம் அது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்குல, 2019 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் ஹொரைசன்ல பக் இருந்தது, கணக்கைக் குறைச்சுக் காட்டியிருக்க முடியும்னு தீர்ப்பு சொன்னது. 2021 ஏப்ரல்ல 39 பேரோட தண்டனை ரத்து. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணும் அதுல ஒருத்தர்.

அப்பவும் மிச்சம் நூத்துக்கணக்கான பேர் பேர்ல குற்றவாளி முத்திரை இருந்தது. அதை உடைச்சது ஒரு டிவி சீரியல். 2024 ஜனவரி 1-ல இருந்து நாலு நாள், 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்'னு ஐடிவி சேனல்ல நாலு எபிசோட். டோபி ஜோன்ஸ்தான் பேட்ஸ். தீர்ப்பு வந்து நாலு வருஷமா நகராத அரசாங்கம், ஜனவரி 10-ஆம் தேதி சட்டம் கொண்டு வர்றோம்னு அறிவிச்சது. மே மாசம் சட்டம் வந்து தண்டனைகள் மொத்தமா ரத்தாச்சு. நாடகத்தால சட்டம் வந்ததுன்னு பாப் கல்ச்சர் பெருமையா இதைச் சொல்லலாம். எனக்கு அதுல முழு சந்தோஷம் இல்லை. 2009-ல பத்திரிகையில வந்தது, 2019-ல தீர்ப்புல வந்தது. நல்ல நடிகர் ஒருத்தர் முகத்துல வர்ற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?

கம்ப்யூட்டரை நம்பு, ஆளைச் சந்தேகப்படுங்கிற அந்த விதியை மாத்தணுமான்னு பிரிட்டிஷ் அரசு 2025 ஜனவரியிலதான் மக்கள்கிட்டயும் நிபுணர்கள்கிட்டயும் கருத்து கேட்டது.

அவ்வளவுதான் மக்களே இந்த வாரம். உங்க ஆஃபீஸ்ல, உங்க வீட்ல யாராவது இந்த மாதிரி விநோதமான புகார் சொல்லி, அது கடைசியில உண்மையாப் போயிருந்தா வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. நாள், கிழமை, நேரம் சேர்த்து அனுப்புங்க, ப்ளீஸ்.